புல்தரையும் அதன் வாகனமும்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசத்தில், ஓஹையோ, இண்டியானா, ஐயோவா, விஸ்கான்ஸின் முதலிய மாநிலங்களில், நகரத்தின் எல்லைக்கு அப்பால் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கும் கிருகஸ்தர்களுக்கு, ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் வரையில் வாரந்தவறாமல் வந்து நிற்கும் கடமை ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றிப் பரந்து கிடக்கும் புல்லை வெட்டியாக வேண்டும். சிறிய மனையுள்ளவர்கள் கையால் தள்ளிச் செல்லும் யந்திரத்தைக் கொண்டே அதை முடித்துவிடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் நிலம் உள்ளவர்களோ, ஆசனத்தில் ஏறி அமர்ந்து ஓட்டக்கூடிய புல்வெட்டி ஒன்றை வாங்கி, காருக்கு அடுத்தபடியாக அதற்கும் கொட்டகையில் ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். எந்தக் கம்பெனியின் யந்திரம் சிறந்தது என்று கடைதோறும் விசாரிப்பவர்கள் அநேகர். எவ்வளவு நிலத்தைப் புல்லாக வைத்துக்கொள்வது நியாயம், அதை வெட்ட எவ்வளவு பெரிய யந்திரம் வேண்டும், அதை வைத்துக் காப்பாற்றுவதில் உள்ள பொறுப்புகள் எவை என்று வரிசையாக யோசிப்பவர்கள் மிகச் சிலரே. இந்த வரிசை தலைகீழாகிப் போவதால்தான் வீண் செலவும், பாழான புல்தரையும், சில சமயங்களில் மீளாத விபத்தும் நேருகின்றன என்பது என் உறுதியான அபிப்பிராயமாதலால், விஷயத்தை அதன் மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்டினா மிலேசி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் நாசா ஸ்தாபனத்தின் துணையோடு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் வீட்டு முற்றங்கள், பூங்காக்கள், கோல்ஃப் மைதானங்கள் ஆகியவற்றில் உள்ள புல்தரையின் விஸ்தீரணம் ஏறக்குறைய 1,63,800 சதுர கிலோமீட்டர். அது தமிழ்நாட்டின் பரப்பைக் காட்டிலும் பெரிது. அந்த நாட்டில் நீர் பாய்ச்சிப் பயிரிடப்படும் மக்காச்சோளத்தின் பரப்பைப் போல் மூன்று மடங்கு. உண்பதற்கு உதவாத ஒரு பயிர் இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், வெட்டுகிற சிரமம் குறைந்துகொண்டே வந்தது அவற்றுள் முக்கியமானது.

நீண்ட பிடியுள்ள அரிவாளால், பனி ஈரம் உலராத விடியற்காலையில், தேர்ந்த ஆட்கள் வரிசையாக நின்று வீசி வெட்டிய காலத்தில், சீரான புல்தரை என்பது பிரபுக்களின் மாளிகைக்கு மட்டுமே உரிய அலங்காரமாக இருந்தது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊரின் கம்பளி ஆலைகளிலே, நெய்த துணியின்மேல் எழுந்து நிற்கும் மயிரைச் சமமாகக் கத்தரிப்பதற்குச் சுருள் கத்திகள் பொருத்திய உருளை ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள். அதைக் கவனித்த எட்வின் பட்டிங் என்பவர், துணியைக் கத்தரிக்கும் அதே யுக்தி புல்லையும் கத்தரிக்கக் கூடும் என்று கண்டு, 1830-இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் பெரிய உருளைகளைக் குதிரைகள் இழுத்தன. குளம்புகள் புல்தரையைக் குழியாக்கிவிடாதபடி அக்குதிரைகளின் கால்களுக்குத் தோலால் செய்த பாதரட்சை மாட்டினார்கள். 1902-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் கம்பெனி பெட்ரோல் என்ஜின் பொருத்திய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் இன்று நாம் காணும் வாகனம் அந்த உருளையின் நேர்ச் சந்ததி என்று சொல்வதற்கில்லை. உருளை யந்திரம் கத்தரிக்கோலின் முறையில் புல்லை இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்து நறுக்குகிறது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின்பு பரவிய சுழற்கத்தி யந்திரமோ, தரைக்கு இணையாகச் சுழலும் இரும்புப் பட்டையின் வேகத்தாலேயே புல்லை அடித்து வெட்டுகிறது. நேர்த்தியில் உருளைக்கே முதலிடம் என்றாலும், உயர்ந்த புல்லையும் மேடுபள்ளத்தையும் பொறுத்துக்கொள்ளக் கூடியது சுழற்கத்தியே, விலையும் குறைவு. யுத்தத்துக்குப் பின் நகரங்களைவிட்டு ஜனங்கள் வெளியேறினார்கள். 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் எழுந்த நெடுஞ்சாலைகள் அவர்களை மேலும் தொலைவுக்குக் கொண்டுசென்றன. தொலைவு கூடக் கூட நிலம் மலிவாயிற்று, மனைகள் பெருத்தன. உழவு டிராக்டர் செய்துவந்த பெரிய கம்பெனிகள் இந்தப் புதிய குடித்தனக்காரரை அடையாளம் கண்டுகொண்டன. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-இல் கப் காடெட் என்ற சிறிய டிராக்டரை வெளியிட்டது. 1963-இல் ஜான் டியர் கம்பெனி, விஸ்கான்ஸினில் உள்ள ஹோரிகான் தொழிற்சாலையிலிருந்து 110 என்னும் மாதிரியைக் கொண்டுவந்தது. பெரிய மனைக்காக வாகனம் பிறந்தது என்பது பாதி உண்மை. வாகனம் இருக்கும் தைரியத்தில் மனை முழுவதையும் புல்லாகவே விட்டுவிடும் பழக்கம் பிறந்தது என்பது மற்றப் பாதி.

இனி அளவுக் கணக்கு. ஓர் ஏக்கர் என்பது நம்மவர் கணக்கில் நூறு சென்ட், அதாவது 43,560 சதுர அடி. பத்திரத்தில் ஓர் ஏக்கர் என்று எழுதியிருந்தாலும், வீடு, கார் செல்லும் பாதை, கொட்டகை, மரத்தடி, பூம்பாத்தி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் வெட்ட வேண்டிய புல் முக்கால் ஏக்கருக்கும் கீழே வந்து நிற்பது சகஜம். கையால் தள்ளும் யந்திரத்தின் வெட்டகலம் பெரும்பாலும் 21 அங்குலம். மணிக்கு மூன்று மைல் வீதம் ஓய்வின்றி நடந்தால் ஒரு மணிக்கு 27,720 சதுர அடி. ஒரு வரிசையின் ஓரம் அடுத்த வரிசையில் மீண்டும் வெட்டுப்படுவதற்கும், திரும்புவதற்கும் ஐந்தில் ஒரு பாகத்தைத் தள்ளினால், ஏறக்குறைய அரை ஏக்கர் மிஞ்சும். 42 அங்குல அகலமுள்ள புல்வெட்டி டிராக்டர் மணிக்கு நான்கு மைல் வீதம் சென்றால், அதே கழிவுக்குப் பின் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகமாகவே வெட்டிவிடும். ஆகவே அரை ஏக்கர் புல் உள்ள ஆரோக்கியமான மனிதர் வாகனம் வாங்கி மிச்சப்படுத்துவது வாரத்துக்கு அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். அந்த நேரத்துக்காக இரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புல் மட்டுமே ஓர் ஏக்கரைத் தாண்டும்போது கணக்கு மாறுகிறது. இரண்டு ஏக்கரில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்தக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. அதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். முழங்கால் தேய்ந்தவர், இருதய நோயிலிருந்து மீண்டவர், எழுபது வயதைக் கடந்தும் தம் வீட்டு வேலையைத் தாமே செய்ய விரும்புபவர் ஆகியோருக்கு, கால் ஏக்கர் நிலத்திலும் இந்த வாகனம் நியாயமானதே. ஐயோவா மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்பவர், 1994-இல் தமது 73-ஆம் வயதில், பார்வை மங்கியதால் கார் ஓட்ட உரிமம் இல்லாத நிலையிலே, நோயுற்ற சகோதரரைப் பார்ப்பதற்காக 1966-ஆம் வருஷத்து ஜான் டியர் புல்வெட்டி ஒன்றில் ஏறி, ஒரு சிறு வண்டியைப் பின்னால் பூட்டிக்கொண்டு, சுமார் 240 மைல் கடந்து விஸ்கான்ஸின் சென்றடைந்தார். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில், இடையிடையே ரிப்பேருக்கும் பணத்துக்கும் காத்திருந்து, ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஆயின. டேவிட் லிஞ்ச் 1999-இல் எடுத்த திரைப்படம் இந்தப் பிரயாணத்தைப் பற்றியதுதான். முதுமையில் ஒரு மனிதனுடைய சுவாதீனத்தை இந்த எளிய யந்திரம் எவ்வளவு தூரம் காப்பாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

வகைகளைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. என்ஜினை ஆசனத்தின் கீழே கொண்ட சிறிய ரைடர், கொட்டகை வாசல் குறுகலாக உள்ளவர்களுக்கு ஏற்றது. முன்புறம் என்ஜினும் வயிற்றுப் பகுதியில் கத்திகளைக் கவிந்து மூடும் டெக்கும் அமைந்த புல்வெட்டி டிராக்டர் பெரும்பாலோருக்குப் போதுமானது. மரங்களும் பாத்திகளும் நிறைந்த தோட்டமானால், நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பக்கூடிய ஜீரோ டர்ன் வகை பெரிய சௌகரியம். அதில் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் இருப்பதால், இரண்டு நெம்புகோல்களைத் தள்ளுவதும் இழுப்பதுமே ஓட்டுவதும் திருப்புவதும் நிறுத்துவதுமாகும். முன் சக்கரங்கள் தாமாகவே உருளும் வெறும் உருளிகள். இந்த அமைப்பே சரிவில் அதன் பலவீனமும் ஆகிறது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

யந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் புல்லை மறந்துவிடுகிறார்கள். குளிர்ப் பிரதேசத்துக் கென்டக்கி புளூகிராஸை இரண்டரை முதல் மூன்றரை அங்குலமும், ஃபெஸ்க்யூ புல்லை அதைவிடச் சிறிது கூடுதலாகவும் விட்டு வெட்ட வேண்டும்; தென் மாநிலங்களில் வளரும் பெர்முடாப் புல்லோ, அது நம் விநாயகருக்குச் சாத்தும் அறுகுதான், ஓர் அங்குலத்துக்கு வெட்டினாலும் தளராது. எந்தப் புல்லானாலும் ஒரு முறையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் எடுக்கலாகாது. எடுத்தால் வேர் மெலியும், கோடையில் களை புகும். மே மாதத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும்போது வாரத்துக்கு இரு முறை வெட்ட வேண்டியிருக்கும்; ஜூலை வறட்சியில் மூன்று வாரம் தொடாமல் விட்டாலும் பாதகமில்லை. நாள்காட்டியைப் பார்த்துச் சனிக்கிழமைதோறும் ஏறி உட்காருகிறவர் புல்லுக்கு நன்மை செய்கிறவர் ஆகமாட்டார். வெட்டி விழும் துணுக்குகளை வாரிக் கட்டி வெளியே அனுப்புவதும் வீண் வேலை. அவற்றைப் பொடியாக்கித் தரையிலேயே விட்டால், அந்தத் தரைக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய நைட்ரஜன் உரத்தில் நாலில் ஒரு பாகம் வரையில் அவற்றிலிருந்தே கிடைக்கும். ஈரமான புல்லில் சக்கரத்தை ஏற்றாமலும், ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் ஓட்டாமலும் இருந்தால் தரை இறுகித் தடம் விழாது.

பராமரிப்பில் எல்லாவற்றுக்கும் முதன்மையானது கத்தி. அதைக் கழற்றிப் பார்ப்பவர் அபூர்வம். முன் சக்கரங்களைச் சாய்வுப் பலகையில் ஏற்றி, கை பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியையும் பிரித்து ஒதுக்கி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தரையில் படுத்து மேலே நோக்கினால் டெக்கின் உட்புறம் தெரியும். கறுத்துக் காய்ந்த புல் இரண்டு விரல் கனத்துக்கு அப்பிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டும்போது பச்சை வாசனை இன்னும் எழும். கத்திக்கும் டெக்கின் சுவருக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி அசையாமல் நிறுத்தி, நடுவிலுள்ள நட்டைத் தளர்த்தினால் கத்தி கைக்கு வரும். அதன் இரு முனைகளிலும் நான்கைந்து அங்குல நீளந்தான் கூர்மை. மற்றது வெறும் பட்டை. கல்லில் பட்ட இடங்களில் பல்லுப் பல்லாகக் குழிந்திருக்கும். அரத்தால் பழைய சாய்வு மாறாமல் இருபுறமும் ஒரே அளவு தேய்த்து, நடுத் துளையை ஓர் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமநிலை தவறிய கத்தி தன்னைத் தாங்கும் தண்டையும் பேரிங்கையும் உதறி உதறிக் கெடுத்துவிடும். இருபது இருபத்தைந்து மணி நேரம் வெட்டியபின் ஒரு முறை இதைச் செய்தால் போதும். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கிறது; கிழிந்த நுனிகள் ஓரிரு நாளில் வெளுத்துப் பழுக்க, தரை முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகிறது. உரக்கடைக்கு ஓடுகிறவர்களில் பலருக்குத் தேவை ஓர் அரமே.

மற்றவை வழக்கமானவை. பருவத்துக்கு ஒரு தரமாவது எண்ணெய் மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். டெக்கின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட அரைக்கால் முதல் கால் அங்குலம் தாழ்ந்திருக்கும்படி வருஷத்துக்கு ஒரு முறை சரிசெய்ய வேண்டும். குளிர்காலத்துக்காக நிறுத்திவைக்கும்போதுதான் பெரும்பாலான யந்திரங்கள் கெடுகின்றன. அங்கே விற்கும் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அது ஈரத்தை உறிஞ்சி, நாள்பட்டால் கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களைப் பிசினால் அடைத்துவிடுகிறது. நிலைப்படுத்தும் திரவத்தைக் கலந்து ஐந்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்துவதும், பாட்டரியைக் கழற்றி வைப்பதும், என்ஜின் மூடியின் அடியில் சுண்டெலி கூடு கட்டியிருக்கிறதா என்று வசந்தத்தில் பார்ப்பதும் ஒரு மணி நேரத்து வேலை. அதைச் செய்யாதவர்கள் ஏப்ரலில் ரிப்பேர்க் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

அபாயத்தைப் பற்றி நிதானித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தரநிர்ணயம் கத்தி முனையின் வேகத்துக்கு வரம்பாக வைத்திருப்பது நிமிஷத்துக்கு 19,000 அடி. அதாவது மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பட்ட கூழாங்கல் எங்கே போய் எதைத் தாக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனினும் மரணத்துக்குப் பெரும் காரணம் வாகனம் கவிழ்வதே. பதினைந்து டிகிரிக்கு மேற்பட்ட சரிவில், அதாவது பத்தடிக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி ஏறும் நிலத்தில், இதை ஓட்டலாகாது என்று அநேகமாக எல்லாக் கையேடுகளும் சொல்லுகின்றன. அதற்குக் குறைந்த சரிவிலும் மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. கையால் தள்ளும் யந்திரத்துக்கு விதி இதற்கு நேர் எதிரானது என்பதால் பழக்க தோஷத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஜீரோ டர்ன் வாகனத்தில் திசை திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரங்களின் பிடிமானத்தையே நம்பியிருப்பதால், ஈரச் சரிவில் அவை வழுக்கின மாத்திரத்தில் ஓட்டுபவருக்கு ஒரு கட்டுப்பாடும் மிஞ்சுவதில்லை. குளக்கரையையும் தடுப்புச் சுவரின் விளிம்பையும் இந்த வாகனத்துக்கு விடவே கூடாது; அந்தப் பத்தடியைக் கையால் வெட்டிக்கொள்ளலாம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. தாத்தா மடியில் பேரனை உட்கார்த்தி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது அந்த நாட்டுக் குடும்பங்களில் அன்பின் அடையாளமாகவே நடந்து வருகிறது. ஆனால் அப்படிச் சவாரி செய்து ருசி கண்ட குழந்தை, மறுவாரம் என்ஜின் சத்தம் கேட்ட மாத்திரத்தில் வீட்டுக்குள்ளிருந்து அதை நோக்கி ஓடிவருகிறது. ஓட்டுபவரின் காதை என்ஜின் அடைத்திருக்கிறது. அவர் பின்னால் திரும்பிப் பாராமல் பின்னோக்கி நகர்த்துகிறார். கைகால் இழந்த சிறு குழந்தைகளின் துயரக் கதைகளில் மீண்டும் மீண்டும் இதே வரிசையைக் காண்கிறோம். பதினாறு வயது நிரம்பாதவர்கள் இதை ஓட்டலாகாது, ஓட்டுபவரைத் தவிர வேறு எவரும் இதில் ஏறலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுறுத்தியிருப்பது முற்றிலும் நியாயம். ஆசனத்தைவிட்டு எழுந்தால் கத்தியை நிறுத்தும் சுவிட்சும், பின்னோக்கிச் செல்லும்போது வெட்டாதபடி தடுக்கும் அமைப்பும் இப்போது வாகனத்தோடேயே வருகின்றன. மேடுபள்ளத்தில் என்ஜின் அணைந்து அணைந்து போகிறதென்று சலித்து, அந்தச் சுவிட்சின் கம்பிகளைப் பிணைத்துவிடும் சாமர்த்தியசாலிகள் உண்டு. அந்த வாகனத்தைப் பின்னொரு நாள் தம் வீட்டார் ஓட்டக்கூடும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

மின்சார வாகனம் புதுமை என்று கருதப்படுகிறது. ஆனால் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1969-லேயே ஈய பாட்டரிகளால் ஓடும் எலெக்-ட்ராக் என்ற தோட்ட டிராக்டரை விற்பனைக்கு விட்டது; அது சில ஆண்டுகளில் மறைந்துபோனாலும், சிலர் அதை இன்றும் பழுதுபார்த்து ஓட்டி வருகிறார்கள். லித்தியம் பாட்டரி வந்த பிறகு அந்த எண்ணம் மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டத்தின் விளைவாக, அங்கே தோட்ட வேலைக்கான சிறிய பெட்ரோல் என்ஜின்களில் 2024 முதல் தயாராகிறவற்றை விற்பதற்குத் தடை வந்துவிட்டது. இரண்டு ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மின்சார வாகனமே மேல் என்று நான் கருதுகிறேன். எண்ணெய், கார்புரேட்டர், குளிர்காலப் பிசின் ஆகிய தொல்லைகள் அடியோடு ஒழிகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அண்டை வீட்டாரின் நித்திரையும் கெடுவதில்லை. பாட்டரி தேய்ந்தால் புதியதற்கு ஆகும் செலவு பெரிது என்பதை மட்டும் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இத்தனை நிலமும் புல்தரையாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே. ஐயோவா மாநிலத்தின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு ஒரு காலத்தில் ஆளுயரப் புல்லும் காட்டுப் பூக்களும் செறிந்த பிரெய்ரிப் புல்வெளியாக இருந்தது. இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பெரும்பகுதி பயிர் நிலமாயிற்று என்பது மெய்; ஆனால் வீட்டு மனைகளில் யாரும் நடக்காத, எந்தக் குழந்தையும் விளையாடாத மூலைகளை வாரந்தோறும் வெட்டுவதற்கு அந்த நியாயமும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் பிக் புளூஸ்டெம், லிட்டில் புளூஸ்டெம் என்னும் பழைய புற்களையும், அவற்றோடு கூம்புப் பூச் செடிகளையும் விதைத்தால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையோடு போராட வேண்டியிருக்குமே தவிர, பிறகு வருஷத்துக்கு ஒரு தரம் வெட்டுவதோ எரிப்பதோ போதும். தேனீக்களின் பொருட்டு மே மாதத்தில் வெட்டாமல் விடும் இயக்கத்தை பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்ற சங்கம் தொடங்கிவைத்தது. விஸ்கான்ஸினில் ஆப்பிள்டன் நகரம் 2020-இல் அதை ஏற்று, உயரமான புல்லுக்கு அபராதம் விதிக்கும் தன் விதியை அந்த மாதத்துக்கு நிறுத்திவைத்தது. நல்ல எண்ணமே, ஆயினும் ஒரு மாதம் வளரவிட்டு ஜூன் முதல் தேதியில் ஒரே மூச்சாகத் தரையோடு வெட்டினால், முன்னே சொன்ன மூன்றில் ஒரு பாகக் கணக்கு தவறிப் புல்லும் கெடுகிறது. நிரந்தரமாகச் சில பகுதிகளைப் புல்தரையிலிருந்து விலக்குவதே உசிதம்.

பல ஊர்களில் புல் எட்டு அங்குலத்தையோ பன்னிரண்டு அங்குலத்தையோ தாண்டினால் அபராதம் உண்டு. அண்டை வீட்டாரின் முணுமுணுப்போ அதற்கு முன்பே வந்துவிடும். இதற்கு ஒரு வழியை ஜோன் நாஸவர் என்ற நிலவமைப்புப் பேராசிரியை 1995-இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார். காடுபோல் தோன்றும் பகுதியின் ஓரத்திலும் நடுவிலும் நேராக வெட்டிய புல்வரி ஒன்று ஓடினால், இது கவனிப்பாரற்றுக் கிடக்கும் நிலம் அன்று, யாரோ கருதிச் செய்தது என்று பார்ப்பவர்கள் உடனே உணர்ந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. இரண்டு ஏக்கரையும் வெட்டுவதற்காக அறுபது அங்குல யந்திரத்தை விலை பேசிக்கொண்டிருந்தவர், அதில் ஒன்றேகால் ஏக்கரைப் பிரெய்ரிக்கு விட்டுவிட்டு, சாலையோரத்திலும் எல்லையிலும் நடைபாதையிலும் இருமுறை போய்வரும் அகலத்துக்கு மட்டும் வெட்டிக்கொண்டால், 42 அங்குல வாகனமே தாராளமாகப் போதும். மிஞ்சும் முக்கால் ஏக்கரும் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். விலையில் மிச்சமாகும் தொகை விதைக்கு ஆகும்.